ஏழாம் பக்கம், உட்பிரிவு இ

மண்டபத்தில் அறுபது கதிரை போட்டிருந்தோம்.
வந்தது இருபத்திமூன்று பேர்,
வாசல்வரை ஒரு மான்.
காவலாளி விரட்ட, போகிற போக்கில் அது
அறிவித்தலின் கீழ்மூலையைக் கடித்துக்கொண்டு போனது.
‘பொதுமக்கள் கருத்துகள் வரவேற்கப்படு’ என்று மிஞ்சியது சுவரில்.
‘கின்றன’
கோட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

என் வேலை குறிப்பெடுப்பது.
படிவத்தில் மூன்று நிரல்: ஆதரவு, எதிர்ப்பு, வேறு.

செயலாளர் வாசித்தார்:
பொதுக்கலை எனப்படுவது பொதுவெளியில்
நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வைக்கப்படும் எந்த ஆக்கமும்.
‘அப்ப என்ரை கடை போர்ட்டும் கலையோ?’
பின்வரிசையில் சிரிப்பு.
சிரிப்புக்கு நிரல் இல்லை.

சுற்றுவட்டத்தில் மீன் சிலை வேண்டும் என்றார் ஐஸ்வாடி பெனடிக்ற்.
எந்த மீன் என்று கேட்டதில் போனது அரை மணித்தியாலம்.
திமிங்கிலம் என்றது ஹொட்டல்காரர் சங்கம்.
‘அது பாக்க வாறவனுக்கு.
எங்களுக்குச் சோறு போட்டது சூரை.’
திமிங்கிலம் மீனே இல்லை என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சொன்னதை
ஒருவரும் காதில் வாங்கவில்லை.
நான் எழுதினேன்.

ஜமாலியாவிலிருந்து வந்த றிஸ்மியா ரீச்சர்
அடிமட்டமும் கொண்டுவந்திருந்தா.
‘படத்துக்குக் கீழ மூன்று மொழியும் ஒரே உயரம் எண்டு போட்டிருக்கிறீங்க.
உயரம் காணாது சேர்.
தடிப்பையும் எழுதுங்க.’

லயனல் மாத்தயா, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்,
துறைமுகத்தில் பழகிய தமிழில் கேட்டார்:
‘பெயின்ட் அடிக்கிறது சரி. மார்கழி மழைக்குப் பிறகு
யார் வாறது, திரும்ப அடிக்க?
உப்புக்காத்து உங்கட கொள்கை வாசிக்காதுதானே.’
கைதட்டல். அதற்கும் நிரல் இல்லை.

பிறகு ஏழாம் பக்கம்.
கடற்கரை வீதிச் சுவர், நூற்றிப்பத்து அடி.
ஓவியம் தீட்டமுன் சுவர் சுத்தப்படுத்தப்படும்.
ஒட்டப்பட்டவை அகற்றப்படும்.

பூலோகராணி எழும்பினா.
மைக்கைக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று கை காட்டினா.
‘ஒரு கேள்விதான்.
உந்த ஒட்டப்பட்டவை எண்டதுக்குள்ள
என்ரை பொடியனும் வாறானோ?’

பொறியியலாளர் பக்கங்களைப் புரட்டினார்.
மின்விசிறிக்கு அடியில் அந்தத் தாள்கள் மட்டும் பேசின.

‘மாசத்துக்கு ஒருக்கா ஒட்டுறனான்.
கோதுமை மாவைக் காய்ச்சி, வேப்பெண்ணெய் ரெண்டு துளி.
இல்லாட்டி மான் விடாது.
வெயிலில வெளுத்தால் பிறகு புதுசு.
அவன்ரை உயரத்துக்குத்தான் ஒட்டுறது,
ஐஞ்சடி ஏழு.
பத்தொன்பது வயசில அளந்தது,
அதுக்குப் பிறகு வளர்ந்தானோ தெரியாது.
நீங்கள் கீறுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை.
மேலயும் கீறுங்கோ, கீழயும் கீறுங்கோ.
அந்த உயரத்தை விட்டிட்டுக் கீறுங்கோ.’

இருந்துவிட்டா.
சூரியோதயமும் புறாக்களும் பிரின்ற் எடுத்து வந்திருந்த இளைஞன்
சுருளை விரிக்காமலே
றப்பர் வளையத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

ஐந்து அடி ஏழு அங்குலம் என்று எழுதினேன்.
ஆதரவா, எதிர்ப்பா?
‘வேறு’ நிரல்தான் ஆகச் சின்னது.
எண் கோட்டைத் தாண்டிப்
பக்கத்துப் பெட்டிக்குள் கால் நீட்டியது.

உட்பிரிவு இ மீளாய்வுக்கு என்றார் செயலாளர்.
பிளேன்ரீ வந்தது. மீண்டும் சூரையைத் தொடங்கினார் பெனடிக்ற்.

அடுத்த கூட்டத்துக்கான அறிவித்தலை
நேற்று நான்தான் ஒட்டினேன்.
பசைக்கு வீட்டிலிருந்து வேப்பெண்ணெய் கொண்டுபோனேன்.
ரெண்டு துளி என்றது மறந்து கொஞ்சம் கூடிவிட்டது,
கந்தோர் முழுக்கக் கசப்பு மணம்.

இன்று காலை மான் வந்தது, முகர்ந்தது, தும்மியது, போனது.
‘கின்றன’ இருக்கிறது.
கதிரை எத்தனை எடுக்கிறது என்று
இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.